அந்த 48 கினிப் பன்றிகளின் சோதனை முடிவை வெளியிடுங்கள்: காசநோய் ஆராய்ச்சியை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

காசநோய் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களுக்கும், ஆய்வகங்களை நடத்தும் இயக்குநர்களுக்கும், விலங்குப் பரிசோதனைக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

சென்ற மாதம் ஒரு தோழி தொலைபேசியில் கூப்பிட்டாள். என்னோடு வேலை பார்த்துவிட்டுப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு ஆய்வகத்துக்குப் போனவள். அங்கே காசநோய்க்கு ஒரு புதிய ஊக்கத் தடுப்பூசியை, அதாவது குழந்தைகளுக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியின் பலனைக் கூட்டுவதற்கான ஊசியை, கினிப் பன்றிகளில் சோதித்து முடித்திருக்கிறார்கள். பிசிஜி மட்டும் போட்ட விலங்குகளுக்கும், பிசிஜிக்கு மேல் இந்த ஊசியையும் போட்ட விலங்குகளுக்கும் வித்தியாசமே தெரியவில்லையாம். "எங்கே தப்பு செய்தோம் என்று புரியவில்லை. நீ எவ்வளவோ பார்த்திருக்கிறாயே, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா?" என்று கேட்டாள். ஊசியில் என்ன புரதம், கூட என்ன சேர்த்தார்கள் என்று விசாரித்தேன். சொன்னாள். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதே புரதத்தை வைத்து, ஏறக்குறைய அதே சோதனையை 6 ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் செய்து முடித்துவிட்டோம். எங்களுக்குக் கிடைத்ததும் அதே முடிவுதான். அது எந்த ஆய்விதழிலும் வரவில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. வெளியிட வேண்டாம் என்று உங்களில் ஒருவர் முடிவெடுத்தார். அந்த முடிவின் விலையை இன்னொரு அறையில் இன்னும் சில டஜன் விலங்குகள் கொடுத்திருக்கின்றன. இதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நான் விஞ்ஞானி இல்லை. காசநோய்க் கிருமியைக் கையாளும் உயர் பாதுகாப்பு ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் 16 ஆண்டு டெக்னீஷியனாக இருந்தேன். தீனி வைப்பது, எடை பார்ப்பது, ஊசி போடுவது, கடைசியில் உயிரை எடுப்பது, நுரையீரலை அரைத்துப் பிளேட்டில் தடவுவது, மூன்று நான்கு வாரம் காத்திருந்து அதில் முளைக்கும் கிருமிக் கூட்டங்களை, அதாவது காலனிகளை, எண்ணுவது எல்லாம் எங்கள் வேலை. உங்கள் கட்டுரைகளில் அதெல்லாம் "விலங்குகள் கருணைக்கொலை செய்யப்பட்டு உறுப்புகள் எடுக்கப்பட்டன" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

உடை மாற்றி, மேலங்கி போட்டு, இரண்டு அடுக்குக் கையுறையும் காற்றை வடிகட்டித் தரும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே போவதற்கே இருபது நிமிடம் பிடிக்கும். அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவு. கதவைத் திறந்தால் காற்று உள்ளேதான் போகும், கிருமியோடு வெளியே வராது. கினிப் பன்றிகளுக்கும் நம்மைப் போலவே வைட்டமின் சி உடம்பில் தானாக உற்பத்தியாகாது, தீனியில் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். தீனிப் பையைப் பிரிக்கும் சரசரப்புக் கேட்டாலே அத்தனையும் சேர்ந்து கீச்சுக் கீச்சென்று கத்தத் தொடங்கும். நோய் முற்றியது கத்தாது. எடை பார்ப்பதற்கு முன்பே, எந்தக் கூண்டு அமைதியாக இருக்கிறது என்பதை வைத்து எங்களுக்குத் தெரிந்துவிடும். கையில் எடுத்தால் ரோமம் சிலிர்த்திருக்கும், முதுகெலும்பு விரலில் தட்டுப்படும், மூச்சு விலாவில் இழுக்கும். அப்புறம் தராசில் வைப்போம். எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் அதற்கு மேல் வேதனைப்பட விடக்கூடாது என்பது எங்கள் விதி. அன்றைக்கே முடித்துவிடுவோம்.

விலங்குப் பரிசோதனையே கூடாது என்று சொல்ல இதை எழுதவில்லை. அப்படி நினைத்திருந்தால் 16 ஆண்டு அங்கே இருந்திருக்க மாட்டேன்.

என் அக்காவுக்கு 34 வயதில் நுரையீரலில் காசநோய் வந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. மாத்திரை தொடங்கிய அன்று சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். "ரிஃபாம்பிசின் போட்டால் அப்படித்தான்க்கா போகும், பயப்படாதே" என்றேன். சொல்லிவிட்டு வைத்தேனே தவிர, அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். ரிஃபாம்பிசின் வருவதற்கு முன் காசநோய் சிகிச்சை 18 மாதம் வரை நீண்டது. ரிஃபாம்பிசினும் பைரசினமைடும் சேர்ந்தால் நுரையீரலில் ஒளிந்திருக்கும் கிருமியையும் துடைத்தெடுக்கின்றன என்பதை முதலில் காட்டியவை எலிகள். மருந்தை நிறுத்தி, சில மாதம் விட்டுவைத்து, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனைகள் அவை. பிரான்சில் ஜாக் குரோசே போன்றவர்கள் அதைப் பொறுமையாகச் செய்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நோயாளிகளிடம் குறுகிய காலச் சிகிச்சையைச் சோதித்தார்கள். அக்கா ஆறே மாதத்தில் எழுந்து நடமாடியதற்குப் பெயர் தெரியாத அந்த எலிகளும் ஒரு காரணம்.

இன்னும் சொல்லலாம். 1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து காசநோயைக் கட்டுப்படுத்தும் என்று நம்பிக்கை வந்ததே கினிப் பன்றிகளால்தான். காசநோய் காற்றில் பரவுகிறது என்பதை நிரூபித்ததும் அவைதான். 1950களின் இறுதியில் பால்டிமோரில் ஒரு மருத்துவமனையின் காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றை, மேலே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகள் சுவாசிக்கும்படி குழாய் வைத்தார்கள். வார்டுக்குள் கால் வைக்காத அந்த விலங்குகளுக்கு நோய் தொற்றியது. நாங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனதும், காற்று வெளியேறாத அறையில் வேலை செய்ததும் அவை சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்துத்தான். பெடாகுவிலின் என்ற மருந்து எலிகளில் வேலை செய்வது 2005இல் வெளிவந்தது, 2012இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு சிகிச்சை என்றிருந்தது இன்று பலருக்கு ஆறு மாதமாகச் சுருங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பதால்தான் கோபமும் இவ்வளவு வருகிறது.

எங்கள் சோதனையைச் சொல்கிறேன். 48 கினிப் பன்றிகள், நான்கு குழு, குழுவுக்கு 12. ஒன்றுக்கு வெறும் உப்புநீர். ஒன்றுக்கு பிசிஜி. ஒன்றுக்கு பிசிஜியும், பத்து வாரம் கழித்து அந்த ஊக்கத் தடுப்பூசியும். ஒன்றுக்கு ஊக்கத் தடுப்பூசி மட்டும். எந்தக் குழு எது என்று எங்களுக்குத் தெரியாது. கூண்டுகளில் நிற அட்டை மட்டும் கட்டியிருக்கும்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். விருப்பு வெறுப்பு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தோம், சரியாகவே செய்தோம். பிறகு கிருமியை நுண்துளிகளாகக் காற்றில் கலக்கும் ஏரோசால் அறையில் வைத்து ஒவ்வொன்றின் நுரையீரலுக்கும் பத்து இருபது கிருமி மட்டும் போகும் அளவுக்குச் சுவாசிக்க வைத்தோம். கினிப் பன்றிக்கு அதுவே போதும், விட்டால் கொன்றுவிடும். அதற்கப்புறம் ஓராண்டுக்கு மேல் ஒவ்வொரு வாரமும் எடை பார்த்தோம்.

சிவப்புக் கூண்டுகள் முதலில் காலியாயின. மஞ்சள் அடுத்து. நீலமும் பச்சையும் நெடுநாள் தாக்குப்பிடித்தன, ஏறக்குறைய ஒன்றாகவே குறைந்துகொண்டும் வந்தன. பச்சையில் ஒன்று, வலது காதில் வெள்ளைத் திட்டு உள்ளது, கடைசி வரை தீனிப் பைச் சத்தத்துக்குக் கத்திக்கொண்டே இருந்தது. பச்சைதான் புது ஊசிக் குழுவாக இருக்க வேண்டும் என்று நான் மனதுக்குள் ஆசைப்பட்டேன். குறியீட்டைப் பிரித்த அன்று பார்த்தால் பச்சை, பிசிஜி மட்டும் போட்ட குழு. நீலம்தான் பிசிஜியோடு ஊக்க ஊசியும் போட்டது. இரண்டு குழுவும் வாழ்ந்த நாளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிளேட்டிலும் காலனிகள் அதையேதான் சொல்லின. இந்த ஊசி பிசிஜிக்கு மேல் எதையும் சேர்க்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. வருத்தமாக இருந்தாலும், கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரத்தில் சொல்லிவிட்டார்கள், இது வெளிவராது என்று. "பலன் இல்லை என்ற முடிவை எந்த ஆய்விதழும் எடுக்காது" என்றார்கள். அடுத்த நிதி விண்ணப்பத்துக்கு இது இடைஞ்சல் என்றார்கள். ஊசியைச் செய்துகொடுத்த கூட்டாளிக்கு இதில் விருப்பமில்லை என்றார்கள். நோட்டுப் புத்தகங்கள் அலமாரிக்குப் போயின. உறைபெட்டியில் வைத்திருந்த நுரையீரல் துண்டுகளை, இடம் வேண்டும் என்று இரண்டு ஆண்டு கழித்து அழித்தோம். நான் இரண்டு முறை எழுத்தில் கேட்டேன். "ஆய்வு நிர்வாக ரீதியாக முடித்துவைக்கப்பட்டது" என்று ஒற்றை வரி பதில் வந்தது. 48 உயிர் போன ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு அதை நிர்வாக ரீதியாக முடித்துவைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இது எங்கள் ஆய்வகத்தின் கதை மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். வெளியே தெரிந்த கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எம்விஏ85ஏ என்ற ஊக்கத் தடுப்பூசி. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஊசி பாதுகாப்பானதாகவே இருந்தது, ஆனால் நோயைத் தடுக்கும் திறன் 17.3 சதவீதம்தான், அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவு. 2013இல் முடிவு வெளிவந்தது. விலங்குகளில் நடந்த சோதனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி முறையாக எடைபோட்ட ஆய்வு 2015இல் வந்தது. பிசிஜிக்கு மேல் இந்த ஊசி பலன் தரும் என்று சொல்லும் அளவுக்கு விலங்குச் சோதனைகளில் ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடித்து, முடிவும் வந்து, இரண்டு ஆண்டு கழித்து. அந்தத் திரட்டலை முன்பே செய்திருந்தால் என்ன முடிவெடுத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதை முன்பே செய்யச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்தது மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்து. வழக்கமான மருந்துகளில் ஒன்றை எடுத்துவிட்டு இதைச் சேர்த்தால் எலிகளில் சிகிச்சைக் காலம் நன்றாகவே குறைந்தது. ஆறு மாதத்தை நான்காக்கிவிடலாம் என்று எல்லோரும் நம்பினார்கள். இதை மனிதரிடம் சோதித்த ரீமாக்ஸ் சோதனையில் மட்டும் 1,931 நோயாளிகள் சேர்ந்தார்கள். 2014இல் முடிவு: நான்கு மாதம் போதவில்லை, அந்த வகை மருந்தை வைத்து நடந்த மற்றச் சோதனைகளிலும் அதே கதை. குறுகிய சிகிச்சை எடுத்தவர்களில் கூடுதலானோருக்கு நோய் திரும்பியது. ஏன் என்று பார்த்தால், ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் எலியின் நுரையீரலில், மனித நுரையீரலில் வருவது போலப் பாலாடைக்கட்டி மாதிரி செத்துப்போன திசு உருவாவதில்லை. கிருமி பெரும்பாலும் உயிரணுக்களுக்குள்தான் இருக்கும், மருந்து சுலபமாகப் போய்ச் சேரும். மனிதரிடம் அந்தச் செத்த திசுவுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் சரியாக ஊடுருவுவதில்லை. அதே மருந்தை ரிஃபாபென்டின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்தபோது 2021இல் நான்கு மாதச் சிகிச்சை வெற்றி பெற்றது. அதற்கு வழி காட்டியதிலும் எலிகளுக்குப் பங்கு உண்டு. அப்படியானால் எலி எப்போது சரியாகச் சொல்கிறது, எப்போது தவறாகச் சொல்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் எல்லா முடிவுகளும் மேசைக்கு வர வேண்டும். பலன் தந்தது மட்டும் அச்சில் வந்து, பலன் தராதது அலமாரியில் தூங்கினால், படிக்கிறவர்களுக்கு எந்த ஊசியும் விலங்கில் பிரமாதமாக வேலை செய்வது போலத்தான் தெரியும். பிறகு மனிதரிடம் தோற்றால், "விலங்கு மாதிரிகளை நம்ப முடியாது" என்று பழியை எலி மேல் போடுவோம். எலி நம்மை ஏமாற்றியதா, இல்லை எலி சொன்னதில் பாதியை நாம் மறைத்தோமா என்று இன்றைக்கு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் நோட்டுப் புத்தகங்கள் மாதிரி எத்தனை அலமாரிகளில் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றனவோ, அத்தனையும் வெளியே வந்தால்தான் அந்தக் கணக்கைப் போட முடியும்.

மறைப்பதால் வரும் கேடு இந்த நோயின் வரலாற்றுக்குப் புதிதில்லை. 1882 மார்ச் 24 அன்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது, அதைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி நோயை வரவழைத்து, திரும்பக் கிருமியைப் பிரித்தெடுத்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் எல்லோருக்கும் காட்டினார். அதே காக் 1890இல், கினிப் பன்றிகளில் நோயைத் தடுத்து நிறுத்தும் பொருளைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். அது என்ன பொருள், எப்படிச் செய்தது என்று அப்போது சொல்லவில்லை. நோயாளிகள் பெர்லினுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். டியூபர்குலின் என்ற அந்தப் பொருள் அவர்களைக் குணப்படுத்தவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். கிருமியைக் கிளிசரினில் எடுத்த சாறு என்பதை 1891இல்தான் வெளியிட்டார். மனிதர் ஒருவர்தான், நோயும் விலங்கும்கூட அதேதான். எல்லாவற்றையும் திறந்து காட்டியபோது உலகத்துக்கு ஒளி கிடைத்தது, மூடிவைத்தபோது நோயாளிகள் பலியானார்கள்.

பிசிஜியையே பாருங்கள். பிரெஞ்சு விஞ்ஞானிகள் கால்மெட்டும் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டு, 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். கினிப் பன்றிகளை அது நன்றாகவே காக்கிறது, சிறு குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும் காக்கிறது. ஆனால் 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து அது காக்கவில்லை என்று தெரிந்தது. அத்தனை ஆண்டு நம்பிக்கைக்கு எதிரான முடிவு. ஆனாலும் அதை வெளியிட்டார்கள், 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவையும் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கத் தடுப்பூசி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றும் அதைப் படித்துத்தான் யோசிக்கிறார்கள். எதிர்பார்த்தது நடக்காத ஒரு முடிவுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

இப்போது நிலைமை இன்னும் அவசரம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மட்டும் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். எம்72 என்ற புதிய காசநோய்த் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தொடங்கியது, 20,000 பேர் வரை அதில் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ரத்தக் குழாய் வழியாக பிசிஜி கொடுத்த 10 ரீசஸ் குரங்குகளில் 9 காக்கப்பட்டன என்று 2020இல் வந்த முடிவைப் பார்த்து எவ்வளவோ பேர் புதுப் பாதைகளைத் தேடுகிறார்கள். நல்ல காலம்தான். ஆனால் வரிசையில் நிற்கும் ஊசிகள் பல, பணமோ குறைவு. எதை மேலே கொண்டுபோவது, எதை இங்கேயே நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் வேலையைத்தான் விலங்குச் சோதனை செய்கிறது. நிறுத்தச் சொல்லும் முடிவை மறைத்தால் அந்த வேலையே நடக்காமல் போகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும், அனிமல் ஹவுஸ் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். ஆய்விதழ்கள் எடுக்காது என்பது இன்று சாக்கு மட்டும்தான். ஆய்விதழுக்குக் காத்திராமல் கட்டுரையைப் போடும் முன்பதிப்புத் தளங்களும் தரவுக் களஞ்சியங்களும் இருக்கின்றன, யாருடைய தயவும் வேண்டாம். காப்புரிமை என்றால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள், ஆறு ஆண்டு எதற்கு? சோதனையிலேயே கோளாறு, ஏரோசால் கருவி சரியாக இயங்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், அடுத்த ஆய்வகம் அந்தக் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளும். விலங்குச் சோதனை என்று வெளியே தெரிந்தால் மக்கள் எதிர்ப்பார்கள் என்பது இன்னொன்று. மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதனால் என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்பது. வெளியிடாத சோதனைக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. வெளியிட்டதற்கு இருக்கிறது.

1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் விலங்குச் சோதனை செய்வோருக்கு மூன்று கடமைகளைச் சொன்னார்கள்: முடிந்த இடத்தில் விலங்குக்கு மாற்று, எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைக் குறைத்தல். உங்கள் ஒப்புதல் படிவங்கள் எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. குழுவுக்கு 12 வேண்டுமா, 10 போதாதா என்று என் கண் முன்னாலேயே ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே ஒரு பழைய முடிவு வெளியில் இருந்திருந்தால், என் தோழியின் ஆய்வகத்தில் அந்த எண்ணிக்கை பூஜ்யம் ஆகியிருக்கும். மனிதரிடம் நடக்கும் சோதனைகளின் எதிர்மறை முடிவுகளையும் வெளியிட வேண்டும் என்று மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைச் சொல்லும் ஹெல்சின்கி பிரகடனம் சொல்கிறது. மனிதச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கட்டுரையை ஏற்பதில்லை என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் விதி வைத்திருக்கின்றன. விலங்குச் சோதனைகளுக்கும் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பொதுப் பதிவேடுகள் வந்துவிட்டன. எந்த ஆய்வகமும் அவற்றில் பதிவு செய்யலாம். வழி இருக்கிறது, நடக்கச் சொல்லித்தான் யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எனவே நான் கேட்பவை இவை.

நிதி ஒதுக்குபவர்களே, காசநோய்த் தடுப்பூசியோ மருந்தோ விலங்கில் சோதிக்கும் எந்த ஆய்வும், முதல் விலங்கைத் தொடுவதற்கு முன் பொதுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். மானியத்தின் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அளவீடு முடிந்து 12 மாதத்துக்குள் முடிவு வெளிவந்தால் மட்டும் அதைக் கொடுங்கள். பலன் இல்லை என்ற முடிவை ஒழுங்காக வெளியிட்டவருக்கு அடுத்த விண்ணப்பத்தில் அது தகுதியாகக் கணக்கில் வர வேண்டும், குறையாக அல்ல. இது நடந்தால்தான் எங்கள் தலைவர் மாதிரியானவர்களுக்கு இருக்கும் பயம் போகும். அவரும் கெட்டவர் இல்லை, அடுத்த ஆண்டு எங்கள் சம்பளத்துக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டவர்தான்.

நெறிமுறைக் குழுக்களே, புதிய விண்ணப்பம் வரும்போது ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: "சென்ற முறை நாங்கள் அனுமதித்த விலங்குகளின் முடிவு எங்கே வெளியாகியிருக்கிறது?" பதில் இல்லை என்றால் அடுத்த அனுமதியை நிறுத்தி வையுங்கள். அதே ஊசியை வேறு யாராவது சோதித்திருக்கிறார்களா என்று பதிவேட்டில் தேடிய சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

மனிதச் சோதனைக்கு அனுமதி தருபவர்களே, அந்த ஊசியோடு நடந்த எல்லா விலங்குச் சோதனைகளையும், சாதகமானவை பாதகமானவை இரண்டையும், அதில் சம்பந்தப்படாத ஒரு குழு திரட்டி எடைபோட்ட பிறகே முதல் தன்னார்வலருக்கு ஊசி போட அனுமதியுங்கள். தன்னார்வலருக்குக் கொடுக்கும் ஒப்புதல் தாளில் அதன் சாரத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். அவர் கையெழுத்துப் போடும் தாள் அது.

இயக்குநர்களே, வெளியிடும்போது கிருமியின் வகை, டோஸ், விலங்கு ஆணா பெண்ணா, எப்படிக் குழு பிரித்தீர்கள், எண்ணியவர்களுக்குக் குழு தெரியுமா தெரியாதா, பாதியில் எத்தனை விலங்கு ஏன் இறந்தது என்பதையெல்லாம் எழுதுங்கள். விலங்குச் சோதனைகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் அரைவ் வழிகாட்டுதல்கள் 2010 முதல் இதைத்தான் கேட்கின்றன. இந்த விவரங்கள் எல்லாம் டெக்னீஷியன்களின் பதிவேட்டில் தேதியோடு இருக்கின்றன. எங்களைக் கேட்டாலே போதும்.

கடைசியாக, என் முன்னாள் ஆய்வகத்துக்கு. அந்த 48 விலங்குகளின் வாராந்திர எடைப் பதிவையும், இறந்த தேதிகளையும், காலனி எண்ணிக்கையையும் இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு பொதுத் தரவுக் களஞ்சியத்தில் போடுங்கள். கட்டுரை எழுத நேரமில்லை என்றால் எழுத வேண்டாம், எண்களும் சோதனை முறையும் போதும். என் தோழியின் ஆய்வகத்துக்கும் அதன் முகவரியை அனுப்புங்கள், அவர்கள் தங்கள் முடிவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். நான்கு நோட்டுப் புத்தகங்கள், நீல அட்டை, முதல் பக்கத்தில் தொடங்கிய தேதி இருக்கும். பெரும்பாலான பக்கங்கள் என் கையெழுத்து. கையுறையோடு எழுதியதால் சில இடங்களில் எண்கள் சரியாகத் தெரியாது. எந்த நாள் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காசநோய் ஆய்வகமொன்றின் முன்னாள் அனிமல் ஹவுஸ் டெக்னீஷியன்